நூற்றிருபதுக்கு எண்பது

பிரஷர் பார்க்கும் பெட்டியின் கொக்கியைச் சுகுமார் இன்னும் கழற்றவேயில்லை. அதற்குள் அந்தப் பெண் வலது கையை நீட்டிக்கொண்டு, ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள்.

“நூத்தி இருவதுக்கு எம்பதுங்க.”

கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊர் அது. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்கள் என்னைக் கண்டால் இன்றும் உட்காரவைத்து மோர் கொடுக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

மழை வரும்போல் இருந்தது. வாசலில் காய்ந்த சாமையைப் பாதி வாரி மூட்டை கட்டியிருந்தார்கள், மீதி பாயில் கிடந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அலமேலு. எட்டு மாதக் கர்ப்பிணி, முதல் பிரசவம். பக்கத்தில் அவளுடைய மாமனார் வெள்ளையன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். எதிரில் நானும் என் பயிற்சி டாக்டர் சுகுமாரும் நின்றோம். எங்கள் இருவருக்கும் நடுவில், எங்கள் துறை இருக்கலாமா போகலாமா என்று தீர்மானிக்க மேலிடத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர். பெரிய பேராசிரியர். உடம்பும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

ஆய்வாளர் அசந்துபோனார். மலைவாழ் பெண் ஒருத்தி தன் இரத்த அழுத்தத்தைத் தானே சொல்கிறாள், இதைவிட என்ன விழிப்புணர்வு வேண்டும் என்று என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பாராட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்தும்கொண்டார்.

ஒரு நிமிடம் என் நெஞ்சும் நிமிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். இத்தனை வாரமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் கிண்டல் செய்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

உறுப்பு இல்லாத துறை

தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் பூர்வீகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் கிளினிக் வைத்து, காய்ச்சல், பேதி, தேள்கடி என்று வந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நாற்பது வயதில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். குடும்ப மருத்துவம் என்று புதிதாகத் துறை தொடங்குகிறோம், நீங்கள்தான் பாடம் நடத்த வேண்டும் என்றார்கள். கீழே பாத்திரக்கடையில் தட்டுகிற சத்தத்தில் பதினைந்து வருடமாக நோயாளிகளின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டு அலுத்திருந்த நான் உடனே ஒத்துக்கொண்டேன்.

கல்லூரி முதல்வருக்கு என் துறை கடைசிவரை பிடிபடவில்லை. அவர் எலும்பு டாக்டர். முதல் நாளே கேட்டார். இருதயத் துறைக்கு இருதயம் இருக்கிறது, கண் துறைக்குக் கண், காது மூக்கு தொண்டைக்காரர்கள் மூன்றை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எந்த உறுப்பு? எங்களுக்குத் தனியாக உறுப்பு கிடையாது, முழு ஆளும் எங்களுக்குத்தான் என்றேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் இடம் அதிகம் தேவைப்படாது என்று முடிவுசெய்து, பழைய சைக்கிள் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தார்.

நான் சளைக்கவில்லை. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் தங்க எழுத்தில் பலகை மாட்டினேன். ‘போ, உட்கார், கேள்.’ நோயாளியின் வீட்டுக்குப் போ, அவர்கள் பாயில் உட்கார், அவர்கள் சொல்வதைக் கேள். நானே யோசித்து எழுதியது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதை வைத்து ஒரு மணிநேரம் பேசுவேன். பேசும்போது எனக்கே கண் கலங்கும்.

பிள்ளைகள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். மலையடிவாரத்து டீக்கடை வரைக்கும் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ கேட்டார்கள்.

பச்சை மை

அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. நான் போட்ட ஏற்பாடு அப்படி. பயிற்சி டாக்டர் ஒவ்வொருவருக்கும் மலையில் ஐந்து குடும்பங்கள். மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய், குடிநீர், சாப்பாடு, கக்கூஸ், எடை, பிரஷர் எல்லாவற்றையும் பார்த்துக் குடும்பக் கோப்பில் எழுத வேண்டும். கோப்பு மஞ்சள் அட்டை, உள்ளே கோடு போட்ட தாள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலியாக விட்டால் மதிப்பெண் குறையும். அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

மலைக்கு அப்போது காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். சாயங்கால பஸ்ஸை விட்டால் இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான். துறைக்கென்று ஒரு ஜீப் இருந்தது. அது மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால் அன்றைக்கு நாங்கள் கைதட்டுவோம். இந்த நிலைமையில் மாதாமாதம் கோப்பு மட்டும் நிரம்பி வந்தது. போன மாதத் தாளைப் பார்த்து இந்த மாதம், சீனியர் எழுதியதைப் பார்த்து ஜூனியர்.

இது எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினாலும் முழுசாகச் சரியில்லை. தெரிந்துகொள்ளாமல் தப்பிக்கிற வழி எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் முறுக்கைக் கடித்துக்கொண்டே அடுக்கி வைத்த கோப்புகளில் கையெழுத்துப் போடுவேன். பேராசிரியர் என்பதால் பச்சை மை. மற்றவர்களுக்கு நீலம்.

வெள்ளையன் குடும்பத்துக் கோப்பு எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளையன், அவர் மனைவி காளியம்மா, கேரளத்துக்கு வேலைக்குப் போன மூத்த மகன், பத்து வயதுக் கடைக்குட்டி, அப்புறம் மருமகளாக வந்த அலமேலு. ஐந்து பேருக்கும், எல்லா மாதமும், நூற்றிருபதுக்கு எண்பது. ஊரிலேயே இல்லாத மகனுக்கும் அதுதான். பத்து வயதுப் பையனுக்கும் அதுதான். பத்து வயதுக்கு அது அதிகம், உண்மையிலேயே அந்த அளவு இருந்தால் மருத்துவக் கல்லூரியே அலறியடித்து ஓடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தேன்.

இது போதாதென்று, சென்னையில் ஒரு கருத்தரங்கில் போய்ப் பேசியும் வந்தேன். மலை மக்களின் இரத்த அழுத்தம் கல்லில் செதுக்கியதுபோல் மாறாமல் இருக்கிறது, காரணம் சாமையும் கேழ்வரகும் சுத்தமான காற்றும் என்று முழங்கினேன். குளிரூட்டிய மண்டபத்தில் ஸ்வெட்டர் போட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிட்டது வெண்ணெய் ஊற்றிய நாண். நானும்தான்.

சுவரில் எழுதிய நம்பர்

ஆய்வு வருகிறதென்றால் கல்லூரியே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். மற்றத் துறைக்காரர்கள் கட்டிலை நிரப்ப ஆள் தேடுவார்கள். எங்களுக்குக் கட்டில் இல்லாததால் நாங்கள் வீடுகளைத் தயார் செய்தோம். பயிற்சி டாக்டர்கள் மலைக்குப் போய் ஒத்திகை நடத்துவார்கள். மற்ற நாளில் ஓடாத ஜீப் அந்த நாட்களில் மட்டும் எப்படியோ ஓடும்.

ஒத்திகைக் கேள்விகள் எளிதானவை. உங்கள் டாக்டர் யார்? தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா? ஆமாம். சாப்பிடுமுன் கை கழுவுகிறீர்களா? ஆமாம். காய்ச்சல் இருக்கிறதா? இல்லை. தலைவலி? இல்லை. வயிற்றுவலி? இல்லை. பிரஷர் எவ்வளவு? கடைசிக் கேள்விதான் கொஞ்சம் கடினம். ஆகவே எங்கள் மாணவன் ஒருவன், சுகுமாருக்கு மூன்று வருடம் மூத்தவன், ஒரு வழி கண்டுபிடித்தான்.

போலியோ சொட்டு மருந்து கொடுக்க வருகிறவர்கள் கதவோரம் சாக்பீஸால் குறி போடுவார்கள். கொசு மருந்து அடிப்பவர்கள் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பையன் இந்த இரண்டுக்கும் கீழே, மறக்காமல் இருக்கட்டும் என்று 120/80 என்று எழுதிவைத்தான்.

வெள்ளையன் பொறுப்பான மனிதர். சர்க்கார் எழுதியதை அழித்தால் பின்னால் தொந்தரவு வரும் என்று பயப்படுகிறவர். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டு அடித்தார். சாக்பீஸ் மங்கிப்போனதும் செங்காவியைக் குழைத்து அதன்மேலேயே அழுத்தமாக எழுதினார். ரேஷன் கார்டுக்கு ஒரு நம்பர் இருக்கிறது, ஓட்டுக்கு ஒரு நம்பர் இருக்கிறது, அதுபோல் டாக்டர்கள் தங்கள் வீட்டுக்குக் கொடுத்த நம்பர் இது என்று அவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

இதையெல்லாம் நான் பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கதவோரம் செங்காவியில் இருந்ததைப் பார்த்தேன். என்ன அழகான கையெழுத்து என்றுதான் தோன்றியது.

அதைச் சொல்லலாமா?

அந்த வாசலுக்கே திரும்புகிறேன்.

சுகுமார் பட்டையைச் சுற்றினான், ரப்பர் குமிழை நாலு அமுக்கு அமுக்கினான், ஸ்டெத்தை வைத்த மாதிரியும் வைக்காத மாதிரியும் வைத்து எடுத்தான். “நூற்றிருபதுக்கு எண்பது சார்” என்றான். சுகுமார் கெட்ட பையன் இல்லை. அந்த வருடத்தில் அவன்தான் முதல் மாணவன். அந்த நேரத்தில் வேறு நம்பர் வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே விருந்தினர் விடுதியில் நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் இரண்டு நிமிடம். அவர் காரில் ஏறிவிட்டால் எங்கள் துறை நிலைத்துவிடும். ஏறாமல் ஏதாவது குளறுபடி நடந்தால் சைக்கிள் கொட்டகையில் மறுபடியும் சைக்கிள்தான். குடும்ப டாக்டராகப் படிக்க வந்த பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள்.

பெரியவர்களுக்கு உட்காரப் பாய் போட வேண்டும் என்று அலமேலு குனிந்தாள். குனிந்தவள் சட்டென்று கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இமை வீங்கியிருந்தது. கண்ணாடி வளையல் மணிக்கட்டில் அசைய இடமில்லாமல் சதையில் பதிந்திருந்தது. கால் விரலில் மெட்டியைக் காணோம், மெட்டி இருந்த தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

பாத்திரக்கடை மாடியில் இருந்த காலத்தில் இது படியேறி வரும்போதே எனக்குத் தெரிந்திருக்கும். பேராசிரியரான பிறகு கொஞ்சம் தாமதமாகிறது.

“தல வலிக்குதாம்மா?” என்று கேட்டேன்.

அவள் சுகுமாரைப் பார்த்தாள். தணிந்த குரலில் அவனிடம் கேட்டாள்.

“அத்தச் சொல்லலாமாங்க?”

என் வாழ்நாளில் எத்தனையோ தேர்வில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனையோ பேரைத் தேர்வில் உட்காரவைத்திருக்கிறேன். அந்தக் கேள்வியில் தோற்றதுபோல் எதிலும் தோற்றதில்லை. சுகுமார் முகம் வெளுத்துவிட்டது. நான்தான், சொல்லும்மா என்றேன்.

“பத்து நாளா வலிக்கிதுங்க. ரெண்டு நாளா கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிறாப்ல கீது. நர்சம்மா வந்தப்போகூட கேட்டாங்க, அவங்க மிஷின்ல காத்து நிக்கல. ஒனக்கு எப்பவும் எவ்ளோன்னாங்க. எங்க வூட்டு நம்பரச் சொன்னேன். எழுதிக்கினு போனாங்க.”

“எல்லாம் சரியாத்தான் கீதுன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோங்க” என்றார் வெள்ளையன். அவர் கை, தன்னையறியாமல், கதவோரச் செங்காவியைக் காட்டியது.

நான் பட்டையை வாங்கி மறுபடியும் சுற்றினேன். பாதரசத்தை மேலே ஏற்றிவிட்டு மெதுவாக இறக்கினேன். நூற்று எழுபத்தெட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நூற்றுப் பன்னிரண்டில்தான் நின்றது. இன்னொரு முறை பார்த்தேன். அதே இடம். வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே மிஞ்சாமல் போகலாம்.

இந்த இடத்தில் நான் செய்ததை மட்டும் எழுதினால் நல்ல பெயர் கிடைக்கும். நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். ஆய்வாளரை முதலில் காரில் ஏற்றிவிட்டு, அவர் வளைவு திரும்பியதும் இவளை வேறு வண்டியில் அழைத்துப் போகலாமா என்று நினைத்தேன். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். அப்புறம், வேறு வண்டி ஏது என்பது நினைவுக்கு வந்தது. ஜீப் காலையிலேயே மூன்றாவது வளைவில் படுத்துவிட்டது. என் நேர்மைக்குப் பாதிக் காரணம் அந்த ஜீப்தான்.

நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று உரக்கச் சொன்னேன்.

ஆய்வாளர் மஞ்சள் கோப்பைப் புரட்டினார். போன மாதம் நூற்றிருபதுக்கு எண்பது என்று இருக்கிறதே, இதில் எது சரி என்று கேட்டார்.

“அது எழுதினது சார். இது பாத்தது” என்றேன். “உங்க கார் வேணும்.”

தேன் பாட்டில்

ஆய்வாளருடைய வெள்ளைக் காரின் பின்சீட்டில் காளியம்மா மடியில் தலைவைத்து அலமேலு படுத்துக்கொண்டாள். காலடியில் நான் குந்திக்கொண்டேன். முன்சீட்டில் டிரைவர், சுகுமார், இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு ஆய்வாளர். அவருக்கு நாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்திருந்த மலைத்தேன் பாட்டிலும் கடுக்காய் மூட்டையும் ஒவ்வொரு வளைவிலும் என் முழங்காலில் வந்து இடித்தன. லஞ்சத்தால் நான் அடிபட்டது அன்றைக்குத்தான்.

வழியில் இருந்த சுகாதார நிலையத்தில் நிறுத்தி, வலிப்பு வராமல் தடுக்கும் ஊசியை இடுப்பில் இரண்டு பக்கமும் போட்டோம். பிரஷருக்கு மாத்திரையும் கொடுத்தோம். அது பொறுக்க முடியாத வலி கொடுக்கும் ஊசி. அலமேலு பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர ஒரு சத்தம் போடவில்லை. வலிக்கிறது என்று சொல்லலாமா கூடாதா என்பது அவளுக்கு இன்னும் தெளிவாகவில்லையோ என்னவோ.

எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, ஆய்வாளர் முன்சீட்டிலிருந்து தடுமாறித் திரும்பி, கையைப் பின்னால் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறார். உதடு அசைய எண்ணுகிறார். நோயாளியைத் தொட்டு அவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. அடிவாரம் வரும்வரை அந்தக் கையை விடவில்லை. அந்த மனிதரைப் பற்றி நான் எவ்வளவோ கிண்டல் வைத்திருக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் அவர் கணக்கில் தனியாக வைக்கிறேன்.

சுகுமார் கல்லூரி மருத்துவமனை வாசலில் தள்ளுவண்டியில் அவளை ஏற்றும்போது என் பக்கத்தில் வந்து, “நான் பாக்கலை சார். ஒரு மாசமும் பாக்கலை” என்றான். அழுதுகொண்டிருந்தான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே பச்சை மையில் என் கையெழுத்து இருந்தது.

அன்று சாயங்காலமே அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் அதில் அடங்கிவிடும். அழுவதற்கே கொஞ்சம் யோசித்தது, பிறகு அழுதது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாய்க்கு வலிப்பு வரவில்லை. நான் சைக்கிள் கொட்டகைக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு மெருகேற்ற விரும்பவில்லை.

அறிக்கை வந்தது

துறை போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. முதல்வர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கே ஓடி வந்தார். அவர் எங்கள் கொட்டகைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

குடும்பக் கோப்புகள் மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகின்றன. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. மலைவாழ் மக்களிடம் காணப்படும் சுகாதார விழிப்புணர்வு வியக்கத்தக்கது. அவசர நேரத்தில் நோயாளியைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு உடனடியாகச் செயல்படுவதை நேரில் காண முடிந்தது. ஜீப் ஒன்று புதிதாக வாங்கலாம்.

எங்களுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆய்வாளர் கருணையால் அப்படி எழுதினாரா, நடந்ததை எழுதினால் தான் பார்த்த மற்றக் கல்லூரிகளின் கோப்புகளையும் திறக்க வேண்டியிருக்கும் என்று எழுதினாரா, எனக்குத் தெரியாது. இது சரியில்லை என்று மறுத்து நான் கடிதம் எழுதினேனா? எழுதவில்லை. சால்வை போட்டார்கள், வாங்கிக்கொண்டேன். அதே வாரம் சென்னையிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. சாமையைப் பற்றிய அந்த அருமையான உரையை இன்னொரு கூட்டத்திலும் ஆற்ற வேண்டுமாம். வயிறு சரியில்லை என்று தந்தி கொடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று செய்தேன். கோப்பு விதியை மாற்றினேன். பார்த்தால் எழுது. பார்க்கவில்லையென்றால் ‘பார்க்கவில்லை’ என்று எழுது, அதற்கு மதிப்பெண் குறையாது. பொய்யாக ஒரு நம்பர் எழுதினால் அந்த வருடமே போச்சு. முதல் மாதம் வந்த கோப்புகளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘பார்க்கவில்லை’, ‘பார்க்கவில்லை’, ‘பார்க்கவில்லை’. முதல்வர் தலையில் கைவைத்துக்கொண்டார். இவ்வளவு சிறப்பாக நடந்துகொண்டிருந்த துறையை ஒரே மாதத்தில் நாசமாக்கிவிட்டீர்களே என்றார்.

எனக்கு என்னவோ அன்றைக்குத்தான் பாடம் நடத்த ஆரம்பித்ததுபோல் இருந்தது. ஆறு மாதத்தில் ‘பார்க்கவில்லை’ குறைந்து நம்பர்கள் வரத் தொடங்கின. கோணல்மாணலான நம்பர்கள். நூற்று முப்பத்துநாலு, நூற்று ஆறு, நூற்று ஐம்பத்திரண்டு. வெள்ளையனுக்கே நூற்று அறுபதுக்கு மேல் இருந்தது. சாமை சாப்பிட்டும்தான்.

யாருடைய நம்பர்

அந்த விதி எனக்கு எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அறிக்கை வந்த அதே நாள், மத்தியானம், அலமேலு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். காளியம்மா துணிகளை மஞ்சள் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கியது. காலையில் பார்த்த பிரஷர் எழுதியிருந்தது. நூற்றிருபதுக்கு எண்பது.

பயிற்சி டாக்டர்களில் எந்தப் பிள்ளை எழுதியதோ. உண்மையாகவே அவ்வளவு இருந்திருக்கவும்கூடும். இருக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லையே. ஆனால் அந்த எண்ணை நம்பும் பாக்கியம் எனக்குப் போய்விட்டிருந்தது. நர்சிடம் பெட்டியை வாங்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன்.

அலமேலு என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். வழக்கம்போல் வாயைத் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்.”

உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, பாதரசம் ஏறுவதையும் இறங்குவதையும் அவளும் பார்த்தாள். நூற்று நாற்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. இன்னும் சில வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும், சுகுமார் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பான் என்றேன். அந்த எண்ணை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“இது எனக்காங்க, வூட்டுக்கா?”

“ஒனக்கு மட்டுந்தாம்மா.”

அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். புதுப் புடவையை எடுத்துத் தோளில் வைத்துப் பார்க்கிறவள் மாதிரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் தூங்கிய குழந்தையின் துணியை விலக்கி, குச்சி போன்ற அதன் கையை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

“பாப்பாவுக்கு எவ்ளோங்க?”

அவ்வளவு சின்னக் கைக்கு ஏற்ற பட்டை அந்த மருத்துவமனையிலேயே கிடையாது. வாயில் ஒரு நம்பர் வந்து நின்றது. எத்தனையோ வருடப் பழக்கம். அதை விழுங்கினேன்.

“இன்னும் பாக்கலம்மா” என்றேன்.

அலமேலு தலையாட்டிவிட்டு, குழந்தையின் கையைத் திரும்பத் துணிக்குள் வைத்து மூடினாள்.